ரோட்டுக்குக் கண் வைத்த பெர்ஸி ஷா: ரிஃப்ளெக்டர் சட்டங்களுக்குப் பின்னால் ஒரு வாழ்க்கை

இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ஹெட்லைட் பட்டதும் நடுக்கோட்டில் வரிசையாகப் புள்ளிகள் மின்னுகின்றன. முன்னால் ஒரு சைக்கிள் போனால், அதன் பின் மட்கார்டில் சின்னதாய் ஒரு சிவப்பு ஒளி தெரிகிறது. இரண்டிலும் பேட்டரி கிடையாது, பல்பு கிடையாது. நம் வண்டியின் வெளிச்சத்தையே வாங்கி நம்மிடமே திருப்பித் தருகின்றன.

இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டும் பிரிட்டனில் ஏறக்குறைய ஒரே காலத்தில் ரோட்டுக்கு வந்தவை. ஆனால், ஒரு வித்தியாசம் உண்டு. ரோட்டில் பதித்த கண்ணாடிக்கு அரசாங்கம் காசு கொடுத்தது. சைக்கிளில் மாட்டும் கண்ணாடியை ஓட்டுபவரே வாங்க வேண்டும். மாட்டாமல் ஓட்டினால் அபராதம்.

இருட்டில் விபத்து நடக்காமல் பார்த்துக்கொள்வது யாருடைய வேலை? ரோடு போட்டவருடையதா, கார் ஓட்டுபவருடையதா, சைக்கிளில் போகிறவருடையதா? கிட்டத்தட்ட நூறு வருடமாக நடக்கும் இந்த விவாதத்தில் ரோட்டின் பக்கம் நின்று வேலை செய்த ஒரு மனிதர் இருந்தார். பெயர் பெர்ஸி ஷா. ரோட்டுப் 'பூனைக்கண்'ணைக் கண்டுபிடித்தவர்.

மில் தொழிலாளியின் மகன்

பெர்ஸி ஷா 1890 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் பகுதியில், ஹாலிஃபேக்ஸ் என்ற ஊரில் பிறந்தார். கம்பளி மில்களும் புகைபோக்கிகளும் நிறைந்த மலைப்பாங்கான ஊர் அது. அப்பா ஜேம்ஸ் ஷா ஒரு மில்லில் சாயம் தோய்க்கும் பிரிவில் கூலித் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு.

பெர்ஸிக்கு இரண்டு வயதானபோது குடும்பம் பூத்டவுன் என்ற பகுதியில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிபோனது. 'பூத்டவுன் மேன்ஷன்' என்பது அந்த வீட்டின் பெயர். பெர்ஸி பிறகு கோடீஸ்வரத் தொழிலதிபர் ஆனார், ரோல்ஸ் ராய்ஸ் வாங்கினார். ஆனால், வீட்டை மட்டும் மாற்றவே இல்லை. 84 வருடம் கழித்து அவர் உயிர் பிரிந்ததும் அதே வீட்டில்தான்.

படிப்பு பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. 13 வயதில் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். கம்பளி நூல் சுற்றிய கண்டுகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பது வேலை. மாலையில் சுருக்கெழுத்தும் கணக்கு வைப்பும் படித்தார். அதுவும் ஒத்துவரவில்லை. கம்பி இழுக்கும் பட்டறையில் தொழில் பழகப் போனார். கூலி கட்டுப்படியாகாமல் விட்டார். அப்புறம் வெல்டிங், பாய்லர் வேலை, இயந்திர வேலை என்று ஒவ்வொரு பட்டறையாக ஏறி இறங்கினார்.

வெளியிலிருந்து பார்த்தால் எதிலும் நிலைக்காத ஆள் என்று தோன்றும். ஆனால், இரும்பு எப்படி வளையும், ரப்பர் எவ்வளவு தாங்கும், எந்த இடத்தில் எது தேயும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பழக்கமாகவே வந்துவிட்டது. பின்னாளில் படித்த பொறியாளர்களின் நிறுவனங்களோடு போட்டி போட்டபோது கைகொடுத்தது இந்தப் பட்டறை அறிவுதான்.

முதல் உலகப் போர்க் காலத்தில் அப்பாவும் மகனும் சேர்ந்து சொந்தமாகப் பட்டறை நடத்தினார்கள். போருக்குத் தேவையான கம்பியும் தோட்டா உறைகளும் செய்து கொடுத்தார்கள். 1929-ல் அப்பா இறந்த பிறகு பெர்ஸி தனியாக ஒரு தொழிலைப் பிடித்தார். வீடுகளுக்கு முன்னால் உள்ள பாதைகளுக்கும் சின்னச் சின்ன ரோடுகளுக்கும் தார் போடும் வேலை. அதற்கு வேண்டிய சிறிய ரோலரைக்கூட, பழைய லாரிச் சாமான்களை வைத்துத் தானே செய்துகொண்டார்.

ஆக, 40 வயதில் பெர்ஸி ஷா ஒரு சாதாரண ரோடு கான்ட்ராக்டர். ரோட்டைத் தினமும் குனிந்து பார்க்கிற வேலை.

வருடத்துக்கு 7 ஆயிரம் சாவுகள்

அந்தக் காலத்து பிரிட்டன் ரோடுகள் எப்படி இருந்தன என்று தெரிந்தால்தான் அடுத்து நடந்தது புரியும்.

கார்கள் பெருகிக்கொண்டிருந்தன. அதுவரை இருந்த மணிக்கு 20 மைல் வேகக் கட்டுப்பாட்டை 1930-ல் வந்த சட்டம் கார்களுக்கு எடுத்தே விட்டது. கார் ஓட்டத் தேர்வு எதுவும் கிடையாது. 1934-ல் மட்டும் 7,343 பேர் ரோட்டில் செத்தார்கள்; 2,31,603 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பெரும் பங்கு நடந்து போனவர்களும் சைக்கிளில் போனவர்களும்தான்.

அந்த வருடம் போக்குவரத்து அமைச்சராக வந்த லெஸ்லி ஹோர்-பெலிஷா பல நடவடிக்கைகளை எடுத்தார். குடியிருப்புப் பகுதிகளில் மணிக்கு 30 மைல் வேக வரம்பு வந்தது. புதிதாக ஓட்ட வருபவர்களுக்கு ஓட்டுநர் தேர்வு 1935-ல் கட்டாயமானது. நடந்து போகிறவர்கள் கடக்கும் இடங்களில் ஆரஞ்சு நிற உருண்டை வைத்த கம்பங்கள் நடப்பட்டன.

சைக்கிள்காரர்களின் நிலை என்ன? சைக்கிளின் முன்னால் விளக்கு வேண்டும் என்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே சட்டமாகிவிட்டது. சண்டை வந்தது பின் விளக்கில்தான். முதல் உலகப் போர்க் காலத்தில் பின் விளக்கைக் கட்டாயமாக்கினார்கள். போர் முடிந்ததும் அது நீங்கியது. 1927-ல் வந்த சாலைப் போக்குவரத்து விளக்குச் சட்டம் ஒரு சமரசத்தைக் கொண்டுவந்தது: சைக்கிளின் பின்னால் சிவப்பு விளக்கு வைக்கலாம், அல்லது சிவப்பு ரிஃப்ளெக்டர் மாட்டினால் போதும். சைக்கிள் ரிஃப்ளெக்டர் பிரிட்டிஷ் சட்டத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். 1934-ல் அதோடு பின் மட்கார்டில் வெள்ளைப் பட்டையும் சேர்ந்தது.

சைக்கிள் சங்கங்கள் பின் விளக்கை ஏன் எதிர்த்தன? அவர்களிடம் நியாயம் இருந்தது. பின் விளக்கு அணைந்துபோனால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, அது முதுகுக்குப் பின்னால் அல்லவா இருக்கிறது? அன்றைய எண்ணெய் விளக்குகளும் பேட்டரிகளும் அடிக்கடி கைவிடுபவை. அதைவிட முக்கியமான வாதம் ஒன்றும் இருந்தது. கார் ஓட்டுகிறவர் தன் ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் போக வேண்டும். முன்னால் இருப்பதைப் பார்ப்பது அவர் கடமை. பின் விளக்கைக் கட்டாயமாக்கினால் அந்தக் கடமை அவரிடமிருந்து நழுவி, அடிபட்டவர் தலையில் விழும். விளக்கு எரியவில்லையே, நான் என்ன செய்ய என்று இடித்தவர் சொல்லிவிடுவார்.

ஹாலிஃபேக்ஸ் தார்ரோட்டுக் கான்ட்ராக்டர் இந்த விவாதத்தில் நேரடியாக இறங்கவில்லை. அவர் யோசித்தது வேறு ஒரு கேள்வியை: இருட்டில் ரோடே ஏன் தன்னைக் காட்டக் கூடாது?

பூனையா, தண்டவாளமா?

பெர்ஸி ஷா பற்றிப் பேசினாலே வரும் கதை இது. 1933-ல் ஒரு பனிமூட்ட இரவு. பிராட்ஃபோர்டு பக்கமிருந்து குவீன்ஸ்பரி வழியாக வீட்டுக்குக் காரில் வந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் சரிவு, எதிரே எதுவும் தெரியவில்லை. திடீரென்று இரண்டு ஒளிப்புள்ளிகள் பளிச்சிட்டன. வேலி மேல் உட்கார்ந்திருந்த பூனையின் கண்கள் அவை. வண்டியை நிறுத்திப் பார்த்தால், தான் ரோட்டின் தவறான பக்கத்தில் சரிவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. பூனை உயிரைக் காப்பாற்றியது. அதிலிருந்து கண்டுபிடிப்பு பிறந்தது.

நல்ல கதைதான். ஆனால், கதை ஒன்று மட்டும் அல்ல. இன்னொரு கதையில் டிராம் தண்டவாளம் வருகிறது. அந்த ரோட்டில் டிராம் ஓடியவரை, சக்கரம் உரசிப் பளபளத்த தண்டவாளம் ஹெட்லைட்டில் மின்னி வழிகாட்டியது. தண்டவாளத்தை எடுத்த பிறகு இரவில் அந்தத் துணை போய்விட்டது. அந்தக் குறையை நிரப்பத்தான் யோசித்தார் என்கிறது இந்தக் கதை. மூன்றாவது கதை, பிரதிபலிப்புக் குமிழ்கள் பதித்த ஒரு சாலைப் பலகையைப் பார்த்து, இதையே கீழே ரோட்டில் பதித்தால் என்ன என்று தோன்றியதாகச் சொல்கிறது.

ஷாவே வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார். பூனைக் கதைதான் விளம்பரத்துக்கு வசதி. பெயரும் அதிலிருந்தே வந்தது. மூன்றாவது கதையில் ஒரு முக்கியமான விஷயம் ஒளிந்திருக்கிறது. பிரதிபலிக்கும் கண்ணாடி ஷாவுக்கு முன்பே இருந்தது.

வெளிச்சம் எப்படித் திரும்பி வருகிறது?

முகம் பார்க்கும் கண்ணாடியில் சாய்வாக டார்ச் அடித்தால் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். வெள்ளைச் சுவரில் அடித்தால் நாலாபக்கமும் சிதறும். ஆனால், ரிஃப்ளெக்டரில் அடித்தால் எந்தப் பக்கமிருந்து வந்ததோ அந்தப் பக்கமே பெரும்பாலும் திரும்பும். வண்டி ஓட்டுகிறவரின் கண், ஹெட்லைட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் அவருக்கு அது பளிச்சென்று தெரிகிறது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முன்னால் ஒரு லென்ஸ், பின்னால் ஒரு கண்ணாடிப் பூச்சு. லென்ஸ் வெளிச்சத்தைக் குவிக்கும், பூச்சு திருப்பி அனுப்பும். பூனையின் கண்ணிலும் விழித்திரைக்குப் பின்னால் இப்படி ஒரு பளபளப்புப் படலம் இருக்கிறது. இன்னொரு வழி, அறையின் மூலை போல மூன்று தளங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சேரும் அமைப்பு. அதற்குள் நுழைந்த ஒளி மூன்று சுவரிலும் மோதி வந்த வழியே திரும்பும். இன்றைய பிளாஸ்டிக் சைக்கிள் ரிஃப்ளெக்டரை உற்றுப் பார்த்தால் இந்தக் குட்டி மூலைகள் நூற்றுக்கணக்கில் தெரியும். 1969-ல் அப்போலோ 11 வீரர்கள் நிலாவில் வைத்துவிட்டு வந்த லேசர் பிரதிபலிப்பானும் இதே அமைப்புதான்.

ஷா பயன்படுத்தியது முதல் வகை. அந்த லென்ஸை 1927-ல் காப்புரிமை செய்தவர் ரிச்சர்ட் ஹாலின்ஸ் மர்ரி. தொழில்முறையில் அவர் ஒரு கணக்காளர். விளம்பரப் பலகைகள் இரவில் மின்ன வேண்டும் என்பதற்காக உருவாக்கியது அது. தன் கண்டுபிடிப்பில் மர்ரிக்கும் பங்குண்டு என்பதை ஷா ஏற்றுக்கொண்டார்.

அப்படியானால் ஷா கண்டுபிடித்தது என்ன?

கண்ணுக்கு ஓர் இமை

பலகையில் இருக்கும் கண்ணாடிக்கும் ரோட்டில் இருக்கும் கண்ணாடிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. பலகை மேல் லாரி ஏறாது. ரோட்டில் புழுதி, சேறு, எண்ணெய், பனி, டயர் எல்லாம் உண்டு. கண்ணாடியை ரோட்டில் பதித்தால் ஒன்று உடையும், இல்லை அழுக்கேறிக் குருடாகும். ரோடு போடுகிற ஷாவுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டிய விஷயம் இல்லை.

அவர் செய்தது இதுதான். கனமான வார்ப்பிரும்புச் சட்டம் ஒன்றை ரோட்டில் புதைத்தார். அதற்குள் ஒரு ரப்பர்க் கட்டி. ரப்பருக்குள் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என நான்கு கண்ணாடிக் குமிழ்கள். சக்கரம் மேலே ஏறினால் ரப்பர் அமுங்கும், கண்ணாடி உள்ளே பதுங்கிக்கொள்ளும். பாரம் முழுவதையும் இரும்புச் சட்டம் தாங்கும். சக்கரம் போனதும் ரப்பர் பழையபடி எழும்பும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அமுங்கும்போது ரப்பரின் ஓரம் கண்ணாடியின் முகத்தைத் துடைத்துவிடும். சட்டத்தின் அடியில் தேங்கும் மழைத்தண்ணீர் மேலே பீய்ச்சி அதைக் கழுவும். நம் கண்ணை இமை துடைக்கிற மாதிரியே. வண்டி ஏற ஏறக் கண் சுத்தமாகிக்கொண்டே இருக்கும். கெடுக்க வேண்டிய டயரையே துடைக்கும் ஆளாக ஆக்கிவிட்டார் மனிதர். மர்ரியின் லென்ஸை ரோட்டில் வருடக்கணக்காகச் சுத்தமாக வைத்திருந்ததே ஷாவின் கண்டுபிடிப்பு.

1934-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டில் பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் டிரிக்லிங்டன் என்ற ஊரின் நாற்சந்தியில் முதல் பூனைக்கண்கள் பதிக்கப்பட்டன. 1935 மார்ச்சில் 'ரிஃப்ளெக்டிங் ரோட்ஸ்டட்ஸ்' என்ற நிறுவனம் ஹாலிஃபேக்ஸில் பதிவானது. ஷாவுக்கு அப்போது 44 வயது.

வாங்க ஆளில்லை

பொருள் நன்றாக இருந்தால் மட்டும் போதுமா? ரோடு அரசாங்கத்துடையது. வாங்க வேண்டியதும் அரசாங்கம்தான். முதல் சில வருடங்கள் விற்பனை மந்தமாகவே இருந்தது. இதே போன்ற சாலைப் பிரதிபலிப்பான்களை வேறு நிறுவனங்களும் கொண்டுவந்தன.

1937-ல் போக்குவரத்து அமைச்சகம் ஒரு சோதனை வைத்தது. ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் ஒரு சாலையில் பல நிறுவனங்களின் பிரதிபலிப்பான்களைப் பதித்துவிட்டுக் காத்திருந்தது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது ஷாவின் பூனைக்கண் மட்டும் உருப்படியாக வேலை செய்துகொண்டிருந்தது. மற்றவை உடைந்தோ மங்கியோ போயிருந்தன. இமை வைத்த கண் ஜெயித்தது.

அடுத்து வந்தது போர்.

இருட்டடிப்பு கற்றுத்தந்த பாடம்

1939 செப்டம்பரில் பிரிட்டன் முழுக்க இருட்டடிப்பு அமலானது. ஜெர்மன் விமானங்களுக்கு வழி தெரியக் கூடாது என்பதற்காகத் தெருவிளக்குகள் அணைந்தன. ஹெட்லைட்டை மூடி, கீற்று மாதிரி கொஞ்சம் வெளிச்சம் மட்டும் விட்டார்கள். விளைவு பயங்கரம். குண்டுக்குத் தப்பியவர்கள் காருக்குத் தப்பவில்லை. பெட்ரோல் ரேஷன் இருந்தும், 1941-ல் ரோட்டில் இறந்தவர்கள் 9,169 பேர்.

இந்த இருட்டில்தான் பூனைக்கண்ணின் அருமை தெரிந்தது. அந்தக் கீற்று வெளிச்சம் பட்டாலே போதும், ரோட்டின் நடுவைக் காட்டிவிடும். வெளிச்சம் வந்த திசைக்கே திரும்புவதால் மேலே பறக்கிற விமானத்துக்குத் தெரியாது. தானாக எரியாத, கேட்டால் மட்டும் பதில் சொல்கிற விளக்கு அது. போர்க்காலத்துக்கு அதைவிடத் தோதான ஒன்று கிடைக்குமா?

ஆனால், போரே அதன் கையையும் கட்டியது. பூனைக்கண்ணுக்கு ரப்பர் வேண்டும். பிரிட்டனுக்கு வந்த ரப்பரில் பெரும்பங்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து வந்தது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து போன கூலித் தொழிலாளர்கள். 1942 தொடக்கத்தில் மலாயா ஜப்பான் கைக்குப் போனதும் ரப்பர் தட்டுப்பாடு வந்தது.

சைக்கிள்காரர்களின் பழைய சண்டையையும் இதே இருட்டடிப்பு முடித்துவைத்தது. போர் தொடங்கியதும் சைக்கிளுக்குப் பின் விளக்கு கட்டாயமாயிற்று. அந்த நேரத்தில் எதிர்ப்புக்கு இடமில்லை. போர் முடிந்தால் போன தடவை மாதிரி இதுவும் போய்விடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். 1945-ல் சைக்கிள்களுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, பின் விளக்கை நிரந்தரமாக்கினார்கள். ரிஃப்ளெக்டர் மட்டும் போதும் என்ற 1927-ன் சமரசம் அத்தோடு முடிந்தது. இனி இரண்டும் வேண்டும்.

பூனைக்கண்ணின் பொற்காலம்

1947-ல் போக்குவரத்து அமைச்சகத்தில் இளநிலைப் பொறுப்புக்கு ஓர் இளம் அரசியல்வாதி வந்தார். பெயர் ஜேம்ஸ் காலகன். பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர். பூனைக்கண்களை நாடு முழுக்கப் பதிக்கும் வேலைக்கு அவர் காலத்தில் வேகம் கூடியது.

பூத்டவுனில் ஷாவின் தொழிற்சாலை 20 ஏக்கருக்கு விரிந்தது. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பூனைக்கண்கள் அங்கிருந்து போயின. வெளிநாடுகளும் வாங்கின. நிறத்தை வைத்தே ரோட்டைப் படிக்கும் முறையும் வந்தது: பிரிட்டன் நெடுஞ்சாலைகளில் தடங்களுக்கு நடுவே வெள்ளை, இடது ஓரத்தில் சிவப்பு, நடுத்தடுப்பின் ஓரத்தில் மஞ்சள், பிரிந்து போகும் வழிகளில் பச்சை.

தொழிற்சாலை வளாகத்தில் ஒரு சைகமோர் மரம் குறுக்கே நின்றது. சிறு வயதிலிருந்து பார்த்த மரம். அதை வெட்ட ஷா சம்மதிக்கவில்லை. மரத்தை உள்ளே விட்டுச் சுற்றிக் கட்டடம் எழுப்பினார்கள்.

1965-ல் அரசு அவருக்கு ஓ.பி.இ. விருது கொடுத்தது.

திரை இல்லாத வீடு

பணம் வந்த பிறகு ஷா எப்படி வாழ்ந்தார்? கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் தரைவிரிப்பு கிடையாது, ஜன்னலுக்குத் திரை கிடையாது. ஆடம்பரம் என்றால் ரோல்ஸ் ராய்ஸ் கார் ஒன்று. அப்புறம் வரிசையாக வைத்த தொலைக்காட்சிப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சேனல், பெரும்பாலும் சத்தத்தைக் குறைத்துவிட்டு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். நிலவறையில் பியர் பெட்டிகள் அடுக்கியிருக்கும். நண்பர்கள் வருவார்கள், குடிப்பார்கள், மல்யுத்தம் பார்ப்பார்கள். 1960-களின் கடைசியில் தொலைக்காட்சி நிருபர் ஆலன் விக்கர் அவர் வீட்டுக்குப் போய்ப் பேட்டி எடுத்த பிறகு, ஹாலிஃபேக்ஸின் இந்த விசித்திர மனிதரை நாடே தெரிந்துகொண்டது.

ஊரை விட்டுப் போகும் ஆசையோ, பெரிய மனிதர்கள் கூட்டத்தில் சேரும் ஆசையோ அவருக்கு இருந்த மாதிரித் தெரியவில்லை. 1976 செப்டம்பர் 1 அன்று, 86-ஆவது வயதில், பூத்டவுன் மேன்ஷனில் காலமானார்.

அதே 1976-ல் அமெரிக்காவில்

ஷா இறந்த வருடம், அமெரிக்காவில் சைக்கிள் ரிஃப்ளெக்டருக்கு ஒரு திருப்புமுனை. அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த சைக்கிள் விதிகள் 1976-ல் நடைமுறைக்கு வந்தன. கடையில் விற்கும் சைக்கிளில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, பெடல்களில், இரண்டு சக்கரங்களின் பக்கவாட்டில் என ரிஃப்ளெக்டர் மாட்டித்தான் விற்க வேண்டும். இந்த முறை பொறுப்பு ஓட்டுகிறவரிடமிருந்து தயாரிப்பாளரிடம் போனது. இது முன்னேற்றம்தான்.

ஆனாலும் வழக்கு வந்தது. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பொறியாளரும் சைக்கிள் ஓட்டியுமான ஜான் ஃபாரஸ்டர் நீதிமன்றம் போனார். இத்தனை ரிஃப்ளெக்டரும் இருக்கிறதே என்ற தைரியத்தில் ஜனங்கள் விளக்கில்லாமல் இரவில் ஓட்டுவார்கள் என்பது அவர் கவலை. ரிஃப்ளெக்டர் வேலை செய்ய, எதிரே ஒரு ஹெட்லைட் அதன் மேல் பட வேண்டும். குறுக்குத் தெருவிலிருந்து வெளியே வரும் காரின் ஹெட்லைட் சைக்கிள் மேல் படும்போது மோதல் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். நடந்து போகிறவர் கையில் ஹெட்லைட்டே இல்லை. அவருக்கு ரிஃப்ளெக்டர் தெரியவே தெரியாது. 1977-ல் நீதிமன்றம் விதிகளில் சிலவற்றை மட்டும் ஒதுக்கியது, பெரும்பகுதி நிலைத்தது. அமெரிக்காவில் ரிஃப்ளெக்டர்கள் இன்றும் கட்டாயம்.

பிரிட்டனில் 1985 அக்டோபருக்குப் பிறகு தயாரான சைக்கிள்களை இரவில் ஓட்டப் பெடலில் மஞ்சள் ரிஃப்ளெக்டரும் வேண்டும் என்றானது. பெடல் மேலும் கீழும் போவதால் அந்த ஒளியும் ஆடும். போவது சைக்கிள் என்று தூரத்திலேயே தெரிந்துவிடும். இந்தியாவில் 2020-ல் மத்திய அரசு சைக்கிள் ரிஃப்ளெக்டர்களுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்ற ரிஃப்ளெக்டர்தான் விற்க வேண்டும் என்பது அதன் சாரம். பார்க்க ரிஃப்ளெக்டர் மாதிரி இருந்து, ஒளியைத் திருப்பாத வெறும் சிவப்பு பிளாஸ்டிக்குக்கு இதில் இடமில்லை.

சரி, இதிலிருந்து என்ன தெரிகிறது?

இந்தச் சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், இருட்டில் பாதுகாப்பு யார் பொறுப்பு என்ற கேள்விக்குக் காலத்துக்குக் காலம் பதில் மாறியது தெரியும். 1927-லும் 1945-லும் அது சைக்கிள் ஓட்டுகிறவர் பொறுப்பு. 1976-ல் தயாரிப்பாளரும் சேர்ந்தார். பெர்ஸி ஷாவின் பதில் இவை எதிலும் அடங்காது. ரோட்டில் போகிற யாரும் எதையும் வாங்க வேண்டாம், மாட்ட வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். காரோ, லாரியோ, யார் வந்தாலும் ரோடே வழி சொல்லும். செலவு பொதுப்பணத்தில், பலன் எல்லாருக்கும்.

ஆனால், பூனைக்கண்ணுக்கும் எல்லை உண்டு. ரோடு எங்கே வளைகிறது என்று அது சொல்லும். வளைவில் ஒரு சைக்கிள் போவதைச் சொல்லாது. அதற்கு சைக்கிளில் விளக்கும் ரிஃப்ளெக்டரும் வேண்டும், ஹெட்லைட் எட்டும் தூரத்துக்குள் நிறுத்தும் வேகத்தில் கார் வர வேண்டும். 1930-களில் ஒருவரை ஒருவர் மறுத்துப் பேசிய மூன்று தரப்பும் சொன்னதில் ஒவ்வொரு துண்டு உண்மை இருந்தது.

ஷாவின் வாழ்க்கை கையில் கொடுக்கும் பாடம் இன்னும் எளிமையானது. அழுக்கேறிய ரிஃப்ளெக்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். பூனைக்கண்ணைத் துடைக்க டயர் வரும். சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்புக் கண்ணுக்கு அப்படி இமை கிடையாது. மழைக்காலத்தில் வாரம் ஒரு தடவை ஒரு துணியை எடுத்துத் துடைத்தால் முடிந்தது. முப்பது வினாடி வேலை.